தண்ணீர் பில்லைக் கழித்துப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. மெஸ், லாட்ஜ், சலூன், லாண்டரி என்று தொழில் நடத்துகிறவர்கள் கடைசி வரை படியுங்கள்.

தக்காளி கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினால் மண்டியில் சண்டை போடுகிறோம். காஸ் சிலிண்டரை எடை போட்டு வாங்குகிறோம். தண்ணீர் பில்லை மட்டும் கடைசி வரியைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டுகிறோம். கேட்டால், "கவர்மென்ட் கணக்கு சார், தப்பா இருக்குமா?" என்கிறீர்கள். இருக்கும். ரீடிங்கைக் குறிப்பதும் மனிதர்தான், கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் மனிதர்தான்.

என்னிடம் படித்தவன் ஒருவன் மெஸ் வைத்திருக்கிறான். "தண்ணிக்கே இவ்வளவு போனா ஒரு ஆளைக் குறைக்கணும் சார்" என்று இரண்டு பில்களைக் காட்டினான். முதல் பில்லில் முந்தைய ரீடிங் 1,284, புதிய ரீடிங் 1,447. செலவு 163 கிலோலிட்டர். அவன் கட்டிவிட்டான். அடுத்த பில்லில் "மீட்டர் பழுது, சராசரி" என்று போட்டிருந்தது. மீட்டரைப் போய்ப் பார்த்தோம். நன்றாகவே ஓடுகிறது. காட்டிய எண் 1,409.

போன பில்லில் 1,447, இன்றைக்கு 1,409. தண்ணீர் பின்னால் ஓடினால் தவிர மீட்டர் இப்படிக் குறையாது. அநேகமாக 1,347 என்பதை யாரோ 1,447 என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு இலக்கம்தான். ஆனால் 100 கிலோலிட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லோடுக்கு மேல். அடுத்த முறை உண்மையான எண் குறைவாக வந்ததும் மீட்டர் மேல் பழி. பிறகு சராசரி. அந்தச் சராசரிக்குள் அதே தப்பான 163-ம் இருக்கிறது. ஒரு எண் தப்பானால் சராசரியும் தப்பு என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

அலுவலகத்தில் சொன்ன பதில்: "கட்டின பணம் திரும்ப வராது." என் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 72 சொல்கிறது. நாம் ஒரு நாள் தாமதமாகக் கட்டினால் அபராதம் கேட்கிறவர்கள், தாங்கள் கூடுதலாக வாங்கியதை மட்டும் எப்படி மறக்கச் சொல்கிறார்கள்?

மீட்டர் போட்டோ, இரண்டு பில் நகல்கள், ஒரு பக்க மனு. கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கினோம். பதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, ரீடிங் பதிவேட்டின் நகலையும், சராசரி போட்ட கணக்கையும் கேட்டோம். பதில் தர அவர்களுக்கு 30 நாள். அதற்குள்ளேயே பில் திருத்தப்பட்டது. கூடுதல் பணம் அடுத்தடுத்த பில்களில் கழிந்தது. மெஸ்ஸில் ஆள் குறையவில்லை.

இடையில் ஒருவர் வந்து, "பாதி கொடுங்க, நானே முடிச்சுத் தர்றேன்" என்றார். நம் பணத்தை நாம் வாங்க அவருக்கு எதற்குப் பாதி? நாம் கழித்தல் கணக்குப் போடச் சோம்பல் படுவதால்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள்.

"கேட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களே" என்று பயமா? "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். பாக்கியும் இல்லை, உரிமையும் போகவில்லை. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதனால் பழைய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

நியாயம் நமக்கும் உண்டு. இரவில் எல்லாக் குழாயையும், தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஓடினால் கசிவு உங்கள் பைப்பில். அந்தப் பணம் நீங்கள் கட்ட வேண்டியதுதான். கசிவு இல்லாமலே பில் எகிறினால், 500 லிட்டர் தொட்டியைக் காலியாக்கி நிரப்புங்கள். மீட்டரும் அரை கிலோலிட்டர்தான் காட்ட வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர்களில் பைப்பில் அடைத்த காற்றும் மீட்டரைச் சுற்றும். பரிசோதனை கேளுங்கள். மாடியில் வீடு, கீழே கடை என்றால், எந்த வகைக் கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இது ஒரு மெஸ்ஸோடு முடிகிற கதை இல்லை. அதே பதிவேட்டில் இன்னும் எத்தனையோ கடைகளின் ரீடிங் இருக்கிறது. பேசாமல் கட்டுகிற ஒவ்வொருவரும் அடுத்த கடைக்காரனையும் பேசாமல் கட்ட வைக்கிறார்.

சந்தேகம் இருந்தால் கடைசி மூன்று பில்களோடும் மீட்டர் போட்டோவோடும் வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஃபீஸ் கிடையாது. மனுவை மட்டும் உங்கள் கையாலேயே எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன்.

உங்கள் பழைய கணக்கு வாத்தியார்