சனிக்கிழமைக் கணக்கு

சென்ற இதழில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்துக் கற்பிப்பது குறித்து எழுதியிருந்தோம். அதைப் படித்த சித்தூர் அன்பர் ஒருவர் ரயிலில் நம்மைக் கண்டு, "பிள்ளைகள் பழக்கம் இருக்கட்டும் ஐயா, பெரியவர்கள் பழக்கத்தைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். கேட்டவர் கையில் பதின்மூன்று சீட்டுகள் இருந்தன. கேள்வி நமக்கா, அவருக்கேவா என்று விளங்கவில்லை. ஆயினும் இம்மாதம் சீட்டாட்டத்தைப் பற்றியே எழுதுவதெனத் துணிந்தோம். அதற்குரிய தகுதி நமக்கு உண்டு. நாம் தோற்றவர்கள் கட்சியைச் சேர்ந்தவர்.

சித்தூரில் குடியிருந்து திருப்பதியில் உத்தியோகம் பார்ப்பவர் நம்மவரில் பலர். காட்பாடியிலிருந்து வரும் பாதை சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதியை அடைகிறது. நமக்கு நாள்தோறும் ஒரு வழிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நால்வர் எதிரெதிரே அமர்ந்து, மடியில் ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் துண்டை விரித்தால் ஆட்டக்களம் ஆயிற்று. பந்தயம் தேநீர். தோற்றவர் பாகாலாவில் வாங்கித் தர வேண்டும். வேலூரையும் ஆரணியையும் விட்டு வந்து, பக்கத்து வீட்டாருடன் பேச மொழி தெரியாமல் விழித்த நாட்களில், இந்தத் துண்டின் மேல்தான் நமக்கு முதல் நண்பர்கள் கிடைத்தார்கள். நாம் பேசும் தெலுங்கில் பாதி அங்கே கற்றதே. ஆகையால் சீட்டுக் கட்டைக் கண்டாலே பாவம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

தீங்கு ரயிலில் வரவில்லை, சனிக்கிழமை இரவில் வந்தது. சித்தூரில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் ரம்மி நடக்கும். முதலில் பாயிண்டுக்கு எட்டணா என்றார்கள். பிறகு ஒரு ரூபாய். நாம் சேர்ந்த ஆண்டில் இரண்டு ரூபாய். ஆட்டத்துக்கு ஆட்டம் மேசையிலிருந்து சிறு தொகை 'டீச்செலவு' என்று எடுக்கப்படும். ஆறு பேரும் சம திறமை உடையவர்களானாலும், விடியும்போது ஆறு பேரின் பணமும் சேர்ந்து குறைந்துதான் இருக்கும். இந்த எளிய கழித்தல் கணக்கு, நாளெல்லாம் காசு எண்ணும் நமக்கே மூன்று ஆண்டுகள் தோன்றவில்லை.

மனச்சாட்சி குத்தும்போது சொல்லிக்கொள்ள இரண்டு சமாதானங்கள் வைத்திருந்தோம். ஒன்று திருமலைக் கதை. வடநாட்டிலிருந்து வந்த ஹாதிராம் பாவாஜியோடு ஏழுமலையானே இரவில் சொக்கட்டான் ஆடினார் என்பது இவ்வூர் ஐதிகம். 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை நிருவகித்தது அவர் பெயரால் விளங்கும் மடமே. "பெருமாளே ஆடினார், நாம் ஆடினால் என்ன?" என்பது மாடியில் அடிக்கடி கேட்கும் வசனம். அக்கதையின் பின்பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை. பெருமாள் விட்டுச் சென்ற ஆபரணம் பாவாஜியின் குடிலில் இருக்கக் கண்டு அவரைத் திருடர் என்று பிடித்து அடைத்தார்கள். ஒரே இரவில் கரும்புக் குவியல் முழுவதையும் தின்று தீர்க்க வேண்டுமென்று சோதனை வைத்தார்கள். யானை வந்து தின்று அவரைக் காப்பாற்றியது என்கிறது கதை. நம் மாடிக்கு யானை வருவதாக யாரும் உறுதி கூறவில்லை.

இரண்டாவது சமாதானம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் 1963-இல் போலீசார் நுழைந்து, ரம்மி ஆடியவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு மேலே சென்று, 1967 நவம்பரில் தீர்ப்பாயிற்று. மூன்று சீட்டைப்போல முழுவதும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று ரம்மி; விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என்று தீர்மானிப்பதற்கும் திறமை வேண்டும் என்பது அதன் சாரம். இதை நாம் பெருமையோடு எடுத்துக் காட்டுவோம். ஆட்டம் நடத்துகிறவர் அதில் இலாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு கூறியிருப்பதையும், 'டீச்செலவு' எந்தக் கணக்கில் சேரும் என்பதையும் பேசமாட்டோம். மேலும், ஆட்டத்துக்குத் திறமை வேண்டும் என்றுதான் நீதிமன்றம் சொல்லிற்று. நமக்குத் திறமை உண்டென்று சொல்லவில்லை.

உண்மையில் நம் ஆட்டம் எப்படி இருந்தது? எங்கள் மாடி வழக்கப்படி, முதலிலேயே கையைக் கீழே வைத்தால் 20 பாயிண்டு. இதை ஸ்கூட் என்பார்கள். ஆடத் தொடங்கியபின் வைத்தால் 40. கடைசிவரை பிடித்துச் சுத்தமான வரிசை சேராமல் மாட்டிக்கொண்டால் 80. அதாவது ஒருமுறை பிடிவாதமாக இருந்து தோற்பதற்குள்ள விலைக்கு நான்கு முறை கௌரவமாக விலகலாம். நாம் விலகியதே கிடையாது. ஸ்கூட் என்ற சொல்லை வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டோம். அறுவர் முன்னே, அதுவும் புதிதாக வந்த ஊரில், கோழை என்று பெயரெடுப்பதா என்ற எண்ணம்.

ஆட்டீன் ஐந்தும் ஏழும் கையில் வந்தால் ஆறு வந்தே தீரும் என்று காத்திருப்போம். இரண்டு கட்டுச் சேர்த்து ஆடும்போது ஆட்டீன் ஆறு மொத்தம் இரண்டே சீட்டு. ஐந்தும் ஆறும் இருந்தாலோ, நாலு வந்தாலும் ஏழு வந்தாலும் வரிசை சேரும். ஆக நான்கு சீட்டுகள். நடுச்சீட்டுக்குக் காத்திருப்பவனுக்கு வாய்ப்புப் பாதிதான். ஜோக்கர் வந்தாலும் சுத்தமான வரிசைக்கு அது உதவாது. இதெல்லாம் தெரியாமல் ஆடவில்லை. தெரிந்தே ஆடினோம், என்றோ ஒருநாள் கடைசிச் சீட்டாக ஆறு வந்து விழுந்த இன்பம் மறக்கவில்லை. வள்ளுவர் சூது அதிகாரத்தைத் தோல்வியிலிருந்து தொடங்காமல் வெற்றியிலிருந்து தொடங்குவதன் காரணம் நமக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, தோற்ற பிறகு பந்தயத்தை உயர்த்தும் பழக்கம். போக்கர் ஆடும் மேல்நாட்டார் இந்நிலைக்கு 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்பால் என்றொரு காசு போட்டு ஆடும் இயந்திரம் உண்டு. ஆத்திரத்தில் அதைப் பிடித்து உலுக்கிச் சாய்த்தால் அந்தச் சொல் ஒளிர்ந்து ஆட்டம் நின்றுவிடும். மனிதனுக்கு அப்படி ஒரு விளக்கு எரிவதில்லை.

ஒரு மாதம் முதல் வாரத்தில் இல்லாள் ஏலச்சீட்டுக்குக் கட்டும்படி ரூ. 5,000 கொடுத்தாள். மூத்த பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்காக அவள் தொடங்கிய சீட்டு அது. அன்று சனிக்கிழமை. இரவு பதினொரு மணிக்குள் நம் சொந்தப் பணம் தீர்ந்தது. "பாயிண்டு ஐந்து ரூபாய் வைப்போமா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, நாமே. சீட்டுக்குக் கொடுத்த பணம் சீட்டிலேயே போயிற்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக அமைந்ததை எண்ணிச் சிரிக்க அன்று நம்மால் முடியவில்லை.

மறுநாள் காலை அவள், "சீட்டுக்காரம்மா வந்தாங்க. நீங்க நேர்லயே கட்டிட்டீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். கட்டிட்டீங்கதானே?" என்றாள். "ஆம்" என்றோம்.

திங்களன்று வேலைக்குச் சென்றோம். டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா பணியேற்கும்போது, தன்னிடமுள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ரயில்வேப் பணமும் சொந்தப் பணமும் கலவாதிருக்க ஏற்பட்ட விதி அது. அன்று நாம் எழுதிய தொகை ரூ. 40. பிற்பகலில் மேசை இழுப்பறை நிறைந்தது. அந்த நோட்டுகளைக் கட்டும்போது, 'சனிக்கிழமை வரைக்கும்தானே' என்று ஓர் எண்ணம் தோன்றியது. ஒரு கணம்தான். கை நடுங்கிவிட்டது. எடுக்கவில்லை; ஆனால் எண்ணம் தோன்றியதை இன்றுவரை மறக்கவில்லை. கடனாளியாகும் ஊழியன்மீது நடவடிக்கை எடுக்க 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இடமுண்டு; இழுப்பறையில் கை வைத்தவனுக்கோ நேரே சிறைவாசல்தான்.

வேலை முடிந்ததும் அந்தப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் ஆயிரத்துக்கு மேல். திங்கட்கிழமைகளில் நாற்பது, நூற்றுப்பத்து, அறுபது. நம் கையெழுத்திலேயே, நம் ஒப்பத்துடன். வங்கிச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஆறு மாதத்துக் கணக்கை எழுதிப் பார்த்தோம். ஆடிய சனிக்கிழமைகள் 23. வென்றவை 7, வந்த தொகை ரூ. 9,400. தோற்றவை 16, போன தொகை ரூ. 41,900. கோயிலில் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருந்தாலும், பாதிக்குப் பாதி வென்றதாகவே சொல்லியிருப்போம். வென்ற ஏழு இரவுகளும் சீட்டுச் சீட்டாக நினைவிருந்தன. தோற்ற பதினாறும் ஒரே மங்கலாக இருந்தன.

நளன் கதையில் ஓரிடம் உண்டு. தேர் போகும் வழியில் தான்றி மரத்தின் காய்களை இருதுபன்னன் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான். அந்த எண்ணும் வித்தையை நளன் கற்றுக்கொள்கிறான்; அதன்பின் கலி அவனை விட்டு நீங்குகிறது. சிறுவயதில் கதாகாலட்சேபத்தில் இதைக் கேட்டபோது, எண்ணுவதற்கும் சனியன் விலகுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியதுண்டு.

நோட்டு எழுதியவுடன் திருந்திவிட்டோம் என்று எண்ண வேண்டாம். ஆயிரத்துக்கு மேல் எடுத்துச் செல்வதில்லை, பத்து மணிக்கு எழுந்துவிடுவது என்று விதிகள் வகுத்தோம். இரண்டாம் வாரமே இரண்டையும் மீறினோம். பிறகு ஒரு ஞாயிறு காலை அந்த நோட்டை இல்லாளின் கையில் கொடுத்து, ஏலச்சீட்டு விஷயத்தையும் சொன்னோம். அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். திட்டவில்லை. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் எதிரே அமர்ந்து "கழிவு, ரூபாய் ஆயிரத்து இருநூறு" என்று உரக்கப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவரே அறிவர். நான்கு ஞாயிறுகள் படித்தோம். ஐந்தாம் சனிக்கிழமை மாடிப்படி ஏறவில்லை. ஏலச்சீட்டுத் தவணையை ஓவர்டைம் பணத்தில் கட்டி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

மாடியை விட்டாலும் கைப்பேசி இருந்தது. ஆந்திரத்தில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் 2020-இல் தடை செய்யப்பட்டன. அதனால் ஓய்வுநாளில் காட்பாடிக்கு ரயிலேறி, தமிழ்நாட்டு எல்லைக்குள் நடைமேடைப் பெஞ்சில் அமர்ந்து ஆடிவிட்டுத் திரும்பிய தோழர்களை அறிவோம். தாய்நாட்டுப் பற்று இப்படியும் வெளிப்படும் போலும்! 2025 ஆகஸ்டில் நாடு முழுமைக்கும் தடைச் சட்டம் நிறைவேறியது. கைப்பேசி ஆட்டத்தில் எதிரே முகமில்லை, விடியலில்லை, எழுந்து போகப் படிக்கட்டுமில்லை. நாம் அதில் இறங்காததற்கு நம் மனவுறுதி காரணமன்று. நோட்டில் எழுத வேண்டுமே என்ற அச்சம்தான்.

ரயில் ஆட்டத்தை விடவில்லை. அங்கே ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர் எப்போதேனும் வந்து சேர்வார். பத்துக் கைக்கு ஆறு கை கீழே வைத்துவிடுவார். முன்பெல்லாம் அவரைக் கண்டு உள்ளூர நகைத்ததுண்டு. ஒருநாள், "ஐயா, சலிப்பாக இல்லையா?" என்று கேட்டோம். "தம்பி, நாலு கைதான் நம்முது. மிச்சம் மத்தவங்க ஆடட்டுமே, வேடிக்கை பார்க்கலாம்" என்றார். யார் எதை எறிகிறார்கள் என்று அந்த ஆறு கைகளிலும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதை நாம் கவனிக்க இன்னும் சில மாதங்கள் ஆயின.

நோட்டின் எஞ்சிய பக்கங்களில் இப்போது இல்லாள் பால்கணக்கு எழுதுகிறாள். முன்பக்கத்துச் சனிக்கிழமைகளைக் கிழித்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டோம், வேண்டாம் என்றுவிட்டாள்.

கேள்வி கேட்ட அன்பர் அன்று பாகாலாவில் மூன்று தேநீர் தோற்றார். நாம் முதலிலேயே ஸ்கூட் சொல்லிவிட்டோம். கையில் ஆட்டீன் ஐந்தும் ஏழும் வந்திருந்தன.