"லேட்" என்றொரு தீர்ப்பு

செஞ்சியிலே, இராசகிரியின் அடிவாரத்திலே, காலை மணி அடித்து ஓய்ந்தபின் பள்ளி வாயிலுக்கு ஒரு சிறுவன் வருகிறான். விடியுமுன் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டவன். தங்கைக்குக் கஞ்சி வார்த்தவன். வராத பேருந்துக்குக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் நடந்தே வந்தவன். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரே சொல்: "லேட்!" அந்தச் சொல் அவனை வெயிலில் நிறுத்துகிறது. எழுதிய கை எவருடையது? நம்முடையதுதான், மறைக்கவில்லை.

எழுதியது என்ன என்றாவது எண்ணினோமா?

பழைய ஆங்கிலத்திலே அச்சொல் கடிகாரத்தைக் குறித்ததன்று. மந்தத்தைக் குறித்தது, சோம்பலைக் குறித்தது. களைத்துச் சோர்ந்தவனைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதற்கு உறவு. கடைசி எனப் பொருள்படும் "லாஸ்ட்" அதன் வயிற்றிலே பிறந்த பிள்ளை. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அது செத்தவர் பெயருக்கு முன்னும் ஏறி அமர்ந்தது. நம் திருமண அழைப்பிதழ்களில் இன்னும் இறங்கவில்லை! அதன் தோழன் "டார்டி"யோ, மெத்தனத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவன். மந்தன், சோம்பன், கடையன், செத்தவன் — இத்தனை வசையையும் ஒரு குழந்தையின் தலையிலா சுமத்துவது?

"ஆங்கிலம் வேண்டாம், தாமதம் என்று எழுதுங்கள்" என்பர் சிலர். அது மட்டும் குற்றமற்றதோ? இருளையும் மந்த குணத்தையும் சுட்டும் வடசொல்லின் வழி வந்ததன்றோ அது! வழக்கறிஞர் மாறினார்; வழக்கு மாறவில்லை.

வள்ளுவர் பிரித்தறிந்தார். "மடியின்மை" அதிகாரத்தில் சோம்பலாகிய மடியை வேறாக வைத்தார்; காலம் நீட்டிக்கும் இயல்பாகிய நெடுநீரை வேறாக வைத்தார். வழியிலே தடைபட்டுப் பிந்துவதோ இவ்விரண்டும் அன்று. மூன்றையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டுவது அறிவாகுமா?

இந்தச் செஞ்சிக் கோட்டையையே கேளுங்கள். 1690இல் மொகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை வீழ்ந்தது 1698இல். தளபதி சுல்பிகர்கான் வேண்டுமென்றே நீட்டித்தார் என்ற ஐயம் அன்றே எழுந்தது. எட்டு ஆண்டுகள்! அதற்குப் பெயர் அரசதந்திரம். கோப்பு பிந்தினால் பரிசீலனை. வழக்கு பிந்தினால் வாய்தா. தலைவர் பிந்தினால் மாலை, மேளம்! ஏழை மகன் எட்டு நிமிடம் பிந்தினால் மட்டும் லேட்!

ஆசிரியத் தோழர்களே! ஒழுங்கு வேண்டாமென்று நாம் கூறவில்லை. காரணம் கேளாத ஒழுங்கு, ஒழுங்காகாது என்கிறோம். "பிந்தி வந்தான்" என்று எழுதுவோம். பக்கத்திலேயே, ஏன் என்றும் எழுதுவோம். ஒரு திங்கள் கழித்து அந்தக் காரணங்களைப் படித்துப் பாருங்கள். வெயிலில் நிற்க வேண்டியவர் யார் என்பது அப்போது விளங்கும்!