உருக்குப் பெருமை பேசுவோர் அரம் பிடிக்கட்டும்

கத்தி செய்யக் கற்றுக்கொள்ளப் போவதாக சென்னையில் ஒரு கல்லூரி மாணவன் சொன்னால் அவனுக்குக் கிடைக்கும் பதில் இரண்டே இரண்டுதான். ஒன்று, "என்னடா, ரவுடியாகப் போறியா?" என்ற கிண்டல். இன்னொன்று, "டமாஸ்கஸ் வாளுக்கே உருக்கு கொடுத்தவன் தமிழன்டா!" என்ற மார்தட்டல். முதலாவது சினிமா கற்றுக்கொடுத்தது. இரண்டாவது மேடைப் பேச்சு கற்றுக்கொடுத்தது. இரண்டையும் சொல்பவர்களுக்குப் பொதுவாக ஒரு விஷயம் தெரியாது. ஒரு கத்தி எதனால் வெட்டுகிறது என்பதுதான் அது.

கத்தி உருக்கினால் மட்டும் வெட்டுவதில்லை, சாய்வினால் வெட்டுகிறது. முதுகுப் பக்கம் கனமாக இருக்கும் இரும்பு, வெட்டுவாயை நோக்கி இரு பக்கமும் சரிந்து மெலிகிறதே, அந்தச் சரிவுதான் சாய்வு. பட்டறைக்காரர்கள் ஆங்கிலப் பெயரிலேயே 'பெவல்' என்பார்கள். தி.நகர் பாத்திரக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மெல்லிய எவர்சில்வர் கத்தி கேரட்டை வழுக்கிக்கொண்டு வெட்டும. லாரி பட்டாவை வெட்டி ஆசை ஆசையாகச் செய்த 5 மி.மீ. கனக் கத்தியோ, நுனியில் சவரம் செய்யும் அளவுக்குக் கூர் இருந்தாலும், கேரட்டைப் பாதி வரை வெட்டிவிட்டு மீதியை 'டக்'கென்று பிளக்கும். உருக்கில் உயர்ந்தது இரண்டாவதாகவே இருக்கலாம். ஆனால் சமையலறையில் ஜெயிப்பது முதலாவது. காரணம் கூருக்குப் பின்னால் இருக்கும் கனம்.

இந்த எளிய உண்மையை ஒதுக்கிவிட்டுத்தான் உருக்குப் பெருமை நடக்கிறது. பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்தன. தென்னிந்தியாவில் மூசைகளில் வைத்து உருக்கிய அதிகக் கரிமம் கொண்ட எஃகு உலகம் சுற்றியது. 1795ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அந்த எஃகைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அதன் ரகசியத்தைத் தேடினார். எல்லாம் சரி. அந்த ஸ்டோடார்ட் யார் என்று யாராவது கேட்பதுண்டா? அவர் கத்தி செய்பவர்! இங்கிருந்து போன எஃகுக் கட்டியை வாங்கி, தட்டி, சாய்வு எடுத்து, கூர் வைத்து விற்றவர்.

கட்டியாகப் போனது நம் உருக்கு. அலகாக மாறியதில் பெரும்பங்கு வேறு ஊர்ப் பட்டறைகளில். பெருமை பேசுபவர்கள் இந்த இரண்டாவது வரியை விட்டுவிடுகிறார்கள். இங்கே நல்ல அலகே செய்யவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செய்த அலகுகள் கப்பலேறி வந்து, அவற்றுக்கு இந்தியக் கைப்பிடி பூட்டி வாளாக விற்றதும் இதே நாட்டில்தான். அந்த வாளுக்குப் பெயரே 'ஃபிரங்கி'. உலகத்துக்கு உருக்கு கொடுத்த நாடு அலகை இறக்குமதி செய்தது. உருக்கு இருந்தால் கத்தி தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

சரி, இன்றைக்கு வருவோம். கத்தி செய்ய ஆசைப்படும் சென்னைப் பையன் முதலில் என்ன செய்கிறான்? புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய லாரி பட்டா வாங்குகிறான். நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் ஒன்று வாங்குகிறான். மொட்டை மாடியில் நின்று, நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும் அந்த மெஷினை வெறுங்கையால் ஒரு கோணத்தில் பிடிக்க முயல்கிறான். அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது... கத்தி அல்ல, பட்டா! ஒரு பக்கம் அலை அலையாகப் பள்ளம். இன்னொரு பக்கம் சாய்வு முதுகையே தொட்டுவிட்டது. நுனி நீலம் பாய்ந்துவிட்டது. ஏற்கெனவே பதம் ஏறிய எஃகு 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் அந்த நீலம் வரும். பதம் போட்டு முடித்த கத்தியில் அந்த நீலம் வந்தால் அங்கே வேண்டிய கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே அவனுக்குக் கிடைக்கும் அறிவுரை என்ன தெரியுமா? "பெரிய பெல்ட் கிரைண்டர் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்!"

சரியாகாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். இரும்புக் கடையில் கிடைக்கும் 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் உள்ள பட்டையில் ஒரு சின்னக் கத்தி என்று வைத்துக்கொள்வோம். பதம் போடுவதற்கு முன்னால் வெட்டுவாயில் சுமார் 0.6 மி.மீ. கனம் விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டிலும் குளிர்ச்சியிலும் நுனி வளையும், விரிசல் விடும். ஆக, ஒரு பக்கத்துக்கு எடுக்க வேண்டியது வெறும் 1.2 மி.மீ. அதை 20 மி.மீ. உயரத்துக்குப் பரப்பினால் சாய்வின் கோணம் மூன்றரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. கை ஒரே ஒரு டிகிரி தவறினால் அந்த 20 மி.மீ. தூரத்தில் 0.35 மி.மீ. தவறிவிடும். நுனியில் விட வேண்டிய மொத்தக் கனமே 0.6தான்! இந்த ஒரு டிகிரியைக் கை உணர்வதற்கு முன்னால் மெஷினைக் கொடுப்பது, சைக்கிளில் பேலன்ஸ் வராத பிள்ளைக்கு புல்லட்டைக் கொடுப்பது போல. மெஷின் தவறைத் திருத்தாது. தவறைச் சீக்கிரம் செய்து முடிக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? அரத்தில்.

அரம் மெதுவானது என்பதுதான் அதன் பெரிய குணம். முதலில் எஃகே வேண்டாம், சாதாரண மைல்ட் ஸ்டீல் பட்டை போதும். வெட்டுவாய் வரப்போகும் ஓரம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, பட்டையின் கனத்தைவிடச் சற்று மெல்லிய டிரில் பிட்டைப் படுக்க வைத்து, அதன் முனையாலேயே ஓரத்தின் நடுவை ஒட்டிக் கோடு கிழிக்கலாம். இரு பக்கத்திலிருந்தும் கிழித்தால் இரண்டு கோடுகள் வரும், இடையில் இருப்பதுதான் விட்டுவைக்க வேண்டிய கனம். பட்டையை ஒரு மரக்கட்டையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, முதலில் நாற்பத்தைந்து டிகிரியில் அந்தக் கோடு வரை ராவி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வை முதுகை நோக்கி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மறுபடி மார்க்கரால் கறுப்படித்து ராவினால், அரம் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று இரும்பே காட்டிக்கொடுக்கும். பத்து இழுப்பு இந்தப் பக்கம் என்றால் பத்து இழுப்பு அந்தப் பக்கம். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் நடுக்கோடு நகர்ந்துவிடும். வலது கைக்காரருக்கு ஒரு பக்கம் எப்போதும் மோசமாகத்தான் வரும். அந்த மோசமான பக்கத்தைக் கவனிப்பதுதான் படிப்பு.

கை நடுங்குகிறதா? அரத்தின் ஒரு முனையில் நீளமான கம்பியைப் பூட்டி, அந்தக் கம்பியை எதிரே ஒரு கண் போல்ட்டுக்குள் நுழைத்துவிட்டால் கோணம் மாறாது. போல்ட்டின் உயரத்தை ஏற்றி இறக்கினால் டிகிரி மாறும். செலவு ஒரு பெல்ட் கிரைண்டரின் விலையில் சிறு துளி. இது ஏமாற்று வேலை இல்லையா என்பார்கள் சிலர். நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகியது ஏமாற்று வேலையா?

இப்படி நாலைந்து பட்டைகளைப் பாழாக்கிய பிறகு லாரி பட்டாவுக்கு வரலாம். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பயன்படும் அதே பட்டாதான். அப்போதும் அது பதம் ஏறிய எஃகு, அரம் கடிக்காமல் வழுக்கும் என்பதும், சிவக்கக் காய்ச்சி சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால்தான் இளகும் என்பதும் கை வழியாகவே தெரிய வரும். அதன் பிறகு கிரைண்டர் வாங்கினால் யாரும் தடுக்கப் போவதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து உடம்பை நகர்த்த வேண்டும் என்ற பாடம் அப்போதுதான் உடம்பில் ஏறும்.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்பது வழக்கமான எதிர்வாதம். நேரத்தைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை யார் கொடுத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பேர்போனது. பரங்கிப்பேட்டையில் ஜே.எம். ஹீத் 1830ல் தொடங்கிய ஆலையின் இரும்பு போய்ச் சேர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே தண்ணீர் விடாமல் உலர்கல்லில் சாணை பிடித்த தொழிலாளர்களின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தைத் தொடுவதே அரிது என்று அந்நாளைய மருத்துவர் ஒருவரை ஆதாரம் காட்டி 1845ல் எங்கெல்ஸ் எழுதினார். நுரையீரல் முழுக்கக் கல்தூசியும் இரும்புத் தூசியும். இன்று கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, பாதுகாப்பு மூடியைக் கழற்றிப் போட்ட கிரைண்டரோடு மாடியில் நிற்கும் பையனுக்கு இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. நல்ல முகமூடி, கண்ணாடி, கழற்றாத மூடி இல்லாமல் மெஷினைத் தொடக்கூடாது. அரம் போடும் துகள் பெரியது, காலடியில் விழும்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. "கைத்தொழில் கற்றுக்கொள் என்கிறீர்களே, இது குலக்கல்வி அல்லவா?" தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்க முடியாது, வரவும் வேண்டும். 1953ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளைப் பாதி நாள் பள்ளிக்கும் மீதி நாள் அப்பன் தொழிலுக்கும் அனுப்பப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பி, 1954ல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. நல்லதே நடந்தது. ஆனால் அந்தத் திட்டத்தின் குற்றம் அரம் அல்ல. கொல்லன் மகன் கையில் மட்டும் அரத்தைத் திணித்ததுதான் குற்றம். அதற்கு மாற்று எல்லார் கையிலும் அரம். யார் கையிலும் அரம் வேண்டாம் என்று விட்டுவிட்டால், கடைசியில் அது பழைய கையிலேயேதான் தங்கும், பழைய அவமதிப்போடு.

பொறியியல் கல்லூரிகளைப் பார்த்தால் இது புரியும். முதலாண்டு ஒர்க்ஷாப்பில் ஃபிட்டிங் உண்டு. ஒரு இரும்புத் தகட்டை ராவி இன்னொன்றில் 'வி' வடிவத்தில் பொருத்த வேண்டும். பலர் சீனியரிடமிருந்து பழைய பீஸை வாங்கி, துருவைத் தேய்த்து, மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த 'வி' எதற்கும் பயன்படாது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால்தான். அதே மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரு காய்கறிக் கத்திக்குச் சாய்வு எடுக்கட்டுமே? கோணமும் தெரியும், எஃகும் தெரியும், பதமும் தெரியும். ஏமாற்றவும் முடியாது. வீட்டில் அம்மா தக்காளி வெட்டிப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடுவார்!

ஜப்பானில் சகாய் நகரத்தில் கத்தியை அடிப்பவர் வேறு, சாய்வு எடுத்துக் கூர் வைப்பவர் வேறு. இரண்டாமவருக்கும் தனித் தொழில்பெயர் உண்டு, மரியாதை உண்டு. மயிலாப்பூரிலும் அடையாறிலும் சைக்கிளில் கல்லைப் பூட்டிக்கொண்டு "சாணை... கத்தி சாணை!" என்று கூவி வருபவரிடம் இருப்பதும் அதே வித்தைதான். அவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, உள்ளே போய் டமாஸ்கஸ் வாளைப் பற்றி மார்தட்டுகிறது ஊர். அடுத்த முறை அவர் வரும்போது பேரத்தை விட்டுவிட்டு, மழுங்கிய அரிவாள்மனையோடு பக்கத்தில் நின்று, அவர் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. உருக்குப் பெருமை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.