பிள்ளைகள் கெட்ட வார்த்தை பேசினால்... வீட்டில் என்ன விதி வைக்கலாம்?

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்கிறார் பிள்ளை. "இந்த வீட்டில் அப்படிப் பேசக்கூடாது" என்கிறார் பெற்றோர். பதின்ம வயதினர் இருக்கும் பல வீடுகளில் உரையாடல் அதோடு முடிந்துவிடுகிறது.

வகுப்பு வாட்ஸ்அப் குழு, இணைய விளையாட்டு, யூடியூப் காணொளி என்று எங்கு திரும்பினாலும் கெட்ட வார்த்தைகள் காதில் விழுகின்றன. அவற்றை அறவே தடை செய்வது நடக்கிற காரியமா? இல்லையென்றால் எப்படிப்பட்ட விதி வேலை செய்யும்?

ஒரே சொல், வேறு வேறு எடை

சிங்கப்பூரில் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. 2010இல் அது 32.3 விழுக்காடு. ஒரே வீட்டில் பாட்டிக்குத் தமிழும் பேரனுக்கு ஆங்கிலமும் முதல் மொழியாக இருப்பது இன்று சாதாரணம்.

இதற்கும் கெட்ட வார்த்தைக்கும் என்ன தொடர்பு?

துருக்கியமும் ஆங்கிலமும் பேசுவோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. தகாத சொற்களைக் கேட்கும்போது உடல் எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்பதைத் தோலில் கருவி பொருத்தி அளந்தார்கள். இரண்டாம் மொழியைவிட முதல் மொழியில் எதிர்வினை வலுவாக இருந்தது. சிறு வயதில் அம்மா அதட்டிய மொழி உடம்பில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது போலும்.

நம் வீடுகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். படத்திலோ நண்பர்களிடமோ கேட்ட தமிழ் வசையைப் பேரன் விளையாட்டாகச் சொல்கிறான். பாட்டிக்கு அது அறை விழுந்த மாதிரி. மறுபக்கம், தமிழில் வளர்ந்த அப்பாவுக்கு ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தை இலேசாக வந்துவிடுகிறது. "அப்பாவும்தானே சொல்றாரு?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஹொக்கியன் மொழியில் வேறு எதுவும் தெரியாமல் வசையை மட்டும் தெரிந்துவைத்திருப்போரும் நம்மிடையே உண்டு!

ஆக, எல்லாச் சண்டைக்கும் திமிர் காரணமல்ல. இருவர் காதிலும் ஒரே சொல் விழுந்தாலும் எடை வேறு.

திட்டுவதில் நன்மை உண்டா?

ஓரளவு உண்டு. பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் உறைய வைக்கும் குளிர்நீரில் கையை வைத்திருந்தனர். கெட்ட வார்த்தை சொன்னவர்களால் சாதாரணச் சொல் சொன்னபோது இருந்ததைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க முடிந்தது. ஆனால் அன்றாடம் அதிகம் திட்டுவோருக்கு அந்தப் பலன் குறைவு என்று அதே குழு பின்னர் கண்டறிந்தது.

எங்கே கோடு போடுவது?

எந்தச் சொல் என்பதைவிட யாரை நோக்கி என்று பார்ப்பது உதவும்.

- கால் இடித்துக்கொண்டபோது வாயில் வருவது: யாரையும் குறிவைக்கவில்லை.
- ஒருவரைப் பார்த்துச் சொல்வது: அது தாக்குதல்.
- சாதி, இனம், உடற்குறை, பெண்மை ஆகியவற்றை இழிவாக்கும் சொல்: அங்கே இல்லாதவர்களையும் சேர்த்தே அடிக்கிறது. தமிழ் வசைகளில் பல, தாயையோ சாதியையோ குறிவைப்பவை. "ஜோக்குக்குச் சொன்னேன்" என்று சொல்வோரில் பலருக்கு அதன் பொருளே தெரியாது.

மூன்றுக்கும் ஒரே தண்டனை என்றால், மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நண்பர்களுக்குள் தவறி வரும் ஒரு சொல் வழக்காகிவிடாது. ஆனால் 2014இல் நிறைவேற்றப்பட்ட துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ், இழிவான சொற்களால் ஒருவருக்கு மனவேதனை ஏற்படுத்தினால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். வேண்டுமென்றே செய்திருந்தால் 6 மாதம் வரை சிறையும் சேரலாம். இணையத்தில் எழுதுவதற்கும் இது பொருந்தும். எழுதியதை நீக்கினாலும் அதன் ஸ்கிரீன்ஷாட் யாரோ ஒருவர் கைப்பேசியில் இருக்கும்.

குடும்பமாகச் செய்யக்கூடியவை

- விதிகளைச் சேர்ந்து எழுதுங்கள். மூன்று, நான்கு போதும். பிள்ளைகள் போட்ட விதியைப் பிள்ளைகளே மீறுவது கடினம்.
- பெரியவர்களுக்கும் அதே விதி. கார் ஓட்டும்போதும்தான்.
- "கெட்ட வார்த்தை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் பொருளைச் சொல்லுங்கள். பொருள் தெரிந்தபின் சில சொற்கள் தானாக நின்றுவிடும்.
- தவறினால் யாரைச் சொன்னோமோ அவரிடம் மன்னிப்புக் கேட்பது முதல் படி. கைப்பேசியைப் பறிப்பது அதற்குப் பிறகு.
- தம்பி தங்கை, தாத்தா பாட்டி முன்னால் கட்டாயம் கூடாது என்பது போன்ற இடவரையறையும் வைக்கலாம்.

இவற்றோடு ஒரு விதிவிலக்கையும் எழுதிவையுங்கள். இணையத்தில் யாரோ உங்கள் பிள்ளையை மோசமாகத் திட்டியிருக்கலாம், மிரட்டியிருக்கலாம். அதை அம்மாவிடம் காட்ட வேண்டுமென்றால் அந்தச் சொல்லையும் காட்டித்தான் ஆகவேண்டும். "ச்சீ, என்ன பேச்சு இது?" என்ற அதட்டல்தான் முதலில் வரும் என்று பயந்தால், பிள்ளை வாயே திறக்காது. தனக்கு நடந்ததைச் சொல்லும்போது எந்தச் சொல்லுக்கும் தண்டனை இல்லை என்பதை இன்றே சொல்லிவிடுங்கள்.