கிராம வாலிபரின் உயிர்ப் பாதுகாப்பு

கிராமாந்தரங்களில் ஒரு வாலிபனோ யுவதியோ தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தால், ஜனங்கள் அதைப்பற்றி இரண்டு நாள் பேசுகிறார்கள். "இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மனோதிடம் இல்லை" என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அவரவர் வயலுக்குப் போய்விடுகிறார்கள். சாட்சிகளை விசாரியாமலே கூறப்படும் தீர்ப்பு இது என்பதே நமது அபிப்பிராயம்.

சாட்சியம் இல்லாமற் போகவில்லை. வேலூருக்கு அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் மரணங்களை வீடுவீடாக விசாரித்துப் பதிவு செய்து வந்தனர். 1992 முதல் 2001 வரையிலுள்ள அவர்களது கணக்கு 2004-ல் வெளியாயிற்று. பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலுள்ளோரில், இவ்விதம் மாண்டவர்கள் ஆண்டுக்கு லட்சத்துக்கு ஆண்கள் 58, பெண்களோ 148! மேல்நாடுகளில் ஆண்களே அதிகமாக மாள்கிறார்கள். இங்கே அக்கணக்குத் தலைகீழாக நிற்கிறது. மனோதிடத்தின் குறைவே காரணமென்றால், நமது பெண்களுக்கு மாத்திரம் அது ஏன் குறைய வேண்டும்? படிப்பைப் பாதியில் நிறுத்துவதும், மனதுக்கு ஒவ்வாத இடத்தில் மணம் பேசுவதும், ஜாதி மாறிய நேசத்துக்காக அடிப்பதும், நான்கு பேர் எதிரில் வைத்து இழிவாக ஏசுவதும் வீட்டுக்குள் நடக்கிற காரியங்கள். இவற்றை எதிர்த்து ஒரு சொல் சொல்ல அந்தப் பெண்ணுக்கு இடம் கிடையாது. பிள்ளைகளின் மனதை ஆராய்வதற்கு முன் பெரியவர்கள் தங்கள் நாவை ஆராய்வது நலம்.

பரீக்ஷை விஷயத்தில் நம் மாகாணம் ஒரு வழி கண்டிருக்கிறது. தேறாத மாணவர் ஓராண்டை இழக்காமல், சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம். பிள்ளைக்கு எவரும் உபதேசம் செய்யவில்லை. அடைத்திருந்த கதவு ஒன்றைத் திறந்தார்கள். பரீக்ஷைத் தோல்வியின் பொருட்டு நேரும் சாவைத் தடுப்பதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை.

ஆனால் எல்லாத் துயரத்துக்கும் துணைத் தேர்வு வைக்க முடியாது. ஆகையால் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். பிழைத்து எழுந்தவர்களை வைத்தியர்கள் விசாரித்தபோது, ஒரு மணி நேரங்கூட யோசிக்கவில்லை என்று பலர் கூறியிருக்கின்றனர். பிழைத்தவரில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் மாள்வதில்லை. ஆகவே, அந்த ஒரு நாழிகையில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. குடியானவர் வீட்டில் எட்டும் தூரத்தில் இருப்பது பயிருக்குத் தெளிக்கும் மருந்து.

அண்டையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 1995-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இவ்வகை மரணத்தில் அத்தீவு உலகின் முன்வரிசையில் நின்றது. அவ்வாண்டு முதல், மனிதருக்கு மிகக் கொடிதான பூச்சிமருந்துகளை அங்குள்ள சர்க்கார் படிப்படியாகத் தடை செய்தனர். 2005-க்குள் மரண விகிதம் பாதியாயிற்று. 2015-க்குள் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. அவ்வாண்டுகளில் பெரும்பகுதி அங்கே போர் நடந்துகொண்டிருந்தது, வறுமையும் ஒழியவில்லை. தடையினால் விளைச்சல் குன்றியதாகவும் காணோம். அதே தீவில், அநுராதபுரம் ஜில்லாவில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் வீடுதோறும் மருந்தை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2017-ல் முடிவு தெரிந்தது. பெட்டியும் சாவியும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் பூட்டு எதற்கு? நம் கடலூர் ஜில்லாக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு காப்பாளர் பொறுப்பில் பெட்டிகளை வைத்துப் பரீட்சித்தனர். குடியானவர்கள் அதை விருப்பத்துடனேயே ஏற்றுக்கொண்டார்கள். சிறிய பரீட்சைதான், எனினும் பெருக்கிப் பார்க்கத் தக்கது.

மத்திய சர்க்கார் 2018-ல் பதினெட்டு மருந்துகளைத் தடுக்க உத்தரவிட்டனர். 2023-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் வேறு ஆறு மருந்துகளின் விற்பனையை நிறுத்தினர். அதுவோ அறுபது நாளைக்கு மாத்திரமே! அதற்கு மேல் ஏன் நீடிக்கவில்லை என்று கேட்போருக்குச் சட்டமே விடை. 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி ஒரு மாகாணம் அறுபது நாள் தடுக்கலாம், விசாரணை முடியாவிடில் இன்னும் முப்பது நாள் நீடிக்கலாம்; நிரந்தரமாக ஒழிக்கும் அதிகாரம் தில்லியிடம் இருக்கிறது. சாவு நேர்வது நம் ஊரில். அதிகாரம் இருப்பது ஆயிரம் மைலுக்கு அப்பால். இந்த ஏற்பாடு மாற வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய ஓர் அச்சமும் உயிர்களைக் கொள்ளை கொள்கிறது. போலீஸ் வருமே என்று அஞ்சி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே மறைக்கும் குடும்பங்கள் உண்டு. 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு காலாவதியாகிவிட்டது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சட்டத்தில், ஒரு சர்க்கார் அதிகாரியைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்துடன் செய்தாலன்றி இது குற்றமே அன்று. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமோ, இப்படிப்பட்டவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளிப்பது சர்க்காரின் கடமை என்கிறது. தமுக்கடித்தாவது இதை ஊருக்கு அறிவிக்க வேண்டும்.

நம் சகோதரப் பத்திரிகைகள் சில, இம்மரணங்களின் முறையைக் கொட்டை எழுத்தில் விவரிக்கின்றன. அதே துயரத்தில் இருக்கும் மற்றொரு பிள்ளையின் கண்ணிலும் அது படும் என்பதை அவை மறக்கலாகாது.

கிராமங்களில் வேலை செய்யும் அரசியல் ஊழியர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், மருந்தைப் பொதுவிடத்தில் வைப்பதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். கொடிய மருந்துகளை நிரந்தரமாகத் தடுக்கக் கோரி மற்றொன்று. பேசாமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளையைக் கண்டால், உயிரை விடும் எண்ணம் உண்டோ என்று அன்புடன் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. 14416 என்ற இலவசத் தொலைபேசியில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைப் பள்ளிக்கூடச் சுவரிலும், பூச்சிமருந்துக் கடையின் வாசலிலும் எழுதி வைக்க வேண்டும்.