33 + 1 = கயானா

டிஸ்கி: இது முழுக்க முழுக்க கயானா நாட்டுத் தேர்தலைப் பற்றிய பதிவு. படிக்கும்போது வேற யாராவது ஞாபகத்துக்கு வந்தால் கம்பெனி பொறுப்பல்ல.

முதல் வருஷம் சி லேபில் நான் அடிக்கடி செய்த தப்பு ஒண்ணு உண்டு. லூப் பத்து தடவை சுத்தணும்னா என்னுது பதினொரு தடவை சுத்தும். மேடம் ரெக்கார்ட் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டு "ஒண்ணு ஜாஸ்தி"ன்னு எழுதித் தருவாங்க. மூணு வருஷம் கழிச்சு ஒரு நாட்டின் அரசாங்கமே இதே தப்பைச் செஞ்சு, அதுதான் சரின்னு கோர்ட்டில் வாதாடி, அப்பீலில் ஜெயிச்சும் காட்டப் போகுதுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா மார்க்குக்காகக் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன்.

கயானான்னா கிரிக்கெட் பார்க்கறவங்களுக்கு கிளைவ் லாயிட், சந்தர்பால், சர்வான். இருக்கறது தென் அமெரிக்காவில், ஆனா பேச்சு, சாப்பாடு, கிரிக்கெட் எல்லாமே கரீபியன். காரிகாம் தலைமைச் செயலகமே ஜார்ஜ்டவுனில்தான். மொத்த ஜனத்தொகை எட்டு லட்சத்தைச் சுத்தி. 2012 கணக்கெடுப்புப்படி கிட்டத்தட்ட 40 சதவீதம் இந்திய வம்சாவளி, 29 சதவீதம் ஆப்பிரிக்க வம்சாவளி, மிச்சம் கலப்பினத்தவர், பூர்வகுடிகள். இந்தியர்களுக்கு பிபிபி, ஆப்பிரிக்கர்களுக்கு பிஎன்சி. 1950களில் ரெண்டாகப் பிரிந்த கட்சி, இன்னிவரைக்கும் அந்தக் கோட்டிலேயே ஓடிக்கிட்டு இருக்கு.

எங்க ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்டு ஒரு கயானாக்காரர். ஐம்பது வயசு, பெர்பிஸ் பக்கம். "உங்க ஊர்ல தேர்தல் பிரசாரம் எப்படி இருக்கும்?"னு ஒரு நாள் கேட்டேன். "பாட்டு, பிரியாணி மாதிரி ஒண்ணு, சிவப்புச் சட்டை, பச்சைச் சட்டை எல்லாம் இருக்கும். ஆனா யாரு யாருக்குப் போடுவாங்கன்னு பிரசவ வார்டிலேயே முடிவாயிடும்"னார். சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

அப்ப நடுவில் ஒரு நாலாயிரம் ஓட்டு அந்தப் பக்கம் சாய்ஞ்சா ஆட்சியே மாறும், இல்லையா? 2015 மே மாசம் அதுதான் நடந்தது. ஏஎஃப்சின்னு ஒரு மூணாவது கட்சி, பிஎன்சி கூட்டணியோட சேர்ந்தது. சேர்த்து வைத்தவர்களில் முக்கியமானவர் மோசஸ் வீராசாமி நாகமுத்து. (ஆமாம், பேரைப் பார்த்தவுடனே தெரியுது இல்ல? மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவங்க வாரிசு. பெர்பிஸில் இன்னிக்கும் இவங்களை மதராஸின்னுதான் சொல்றாங்க, காளியம்மன் கோயில்கள் இருக்கு.) பல வருஷம் பிபிபியில் இருந்துட்டு வெளியே வந்தவர். அவரை நம்பிக் கொஞ்சம் இந்திய ஓட்டு நகர்ந்தது. சுமார் 4,500 ஓட்டு வித்தியாசத்தில் டேவிட் கிரேஞ்சர் ஜனாதிபதி, நாகமுத்து பிரதமர். 65 சீட்டில் 33க்கு 32. அதே மாசம் எக்ஸான்மொபில் கடலுக்கு அடியில் பெரிய எண்ணெய்ப் புதையலைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

இப்ப கதைக்கு வருவோம். 2018 டிசம்பர் 21 ராத்திரி. எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வருது. ஆளுங்கட்சியில 33 பேர், தோக்கவே தோக்காதுன்னு எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்காங்க. சரண்தாஸ் பெர்சாத்னு ஆளுங்கட்சி வரிசையில் ஒருத்தர். அவர் முறை வந்தப்ப தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டுப் போட்டுட்டார். பக்கத்தில் இருந்தவங்க பதறிப்போய்ப் பேசிப் பார்க்கறாங்க, மனுஷன் மசியலை. 33க்கு 32, அரசு காலி. மறுநாள் காலையில் அவர் கனடா போயிட்டார். அன்னிக்கு ராத்திரியே பிரதமர் நாகமுத்து தோல்வியை ஒத்துக்கிட்டார்.

இங்க முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். அப்புறம்தான் யாருக்கோ கணக்கு வந்தது. 65ல பாதி எவ்வளவு? 32.5. அரை எம்பி கிடையாது, அதனால 33. பெரும்பான்மைன்னா பாதிக்கு மேல ஒண்ணு. 33 + 1 = 34. ஆகவே 33 ஓட்டு போதாது, அரசு பிழைச்சது!

கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் கணக்கு ஞாபகம் வருதா? எனக்கு வந்தது. 32.5ஐ 33 ஆக்கினப்பவே 'பாதிக்கு மேல' வந்தாச்சு. அதுக்கு மேல இன்னொண்ணு போடறது, ஹோட்டல் பில்லில் ரெண்டு தடவை டாக்ஸ் போடற மாதிரி. இந்தக் கணக்குப்படி பார்த்தா 65 பேர் சபையில் 33 பேர் வெச்சிருக்கறவங்களுக்கும் பெரும்பான்மை இல்லை, 32 பேர் வெச்சிருக்கறவங்களுக்கும் இல்லை. அப்ப இத்தனை நாள் இவங்க 33ஐ வெச்சுக்கிட்டு எந்த தைரியத்துல ஆட்சி பண்ணாங்க? ஆளறதுக்கு 33 போதும், இறங்கறதுக்கு 34 வேணும் போல.

2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 33 போதும்னு சொல்லிடுச்சு. மார்ச்சில் அப்பீல் கோர்ட் ரெண்டுக்கு ஒண்ணுன்னு 34தான் சரின்னு தீர்ப்பு சொல்லுச்சு. (அந்த மூணு பேர் கணக்கில் பாதி 1.5, அதை 2 ஆக்கி ஒண்ணு சேர்த்தா 3. அந்தத் தீர்ப்பே செல்லாது இல்லையோ? :-)) கடைசியில் டிரினிடாடில் இருக்கும் கரீபியன் நீதிமன்றம் ஜூன் 18ஆம் தேதி, 65ல் பெரும்பான்மை 33தான்னு சொல்லி முடிச்சு வெச்சது. அரசியல் சட்டப்படி தீர்மானம் ஜெயிச்ச மூணு மாசத்துல தேர்தல் நடந்திருக்கணும். நடந்தது 2020 மார்ச் 2. அதுக்குள்ள, 2019 டிசம்பரில், கடலில் இருந்து எண்ணெய் வர ஆரம்பிச்சாச்சு. இப்ப புரியுதா எதுக்கு அந்த இன்னொரு பழத்தைத் தேடினாங்கன்னு?

பிரசாரத்தைப் பற்றி ரெண்டு வரி. பிபிபி 50,000 வேலை தருவோம்னது. ஆளுங்கட்சி 'வளர்ச்சியின் பத்தாண்டு'ன்னது. எண்ணெய்க் காசு ரெண்டு பேர் வாக்குறுதியிலயும் ஒழுகிச்சு. சின்னக் கட்சிகள் மூணு சேர்ந்து ஒரே ஒரு சீட் ஜெயிச்சு, அதை ஷேர் ஆட்டோ மாதிரி முறை வெச்சு உக்காரலாம்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. பின்னாடி அதுலயும் இறங்க மாட்டேன்னு தகராறு. அவ்வளவுதான் பிரசாரம். அங்க நிஜமான தேர்தல் ஓட்டுப்பதிவு முடிஞ்சப்புறம்தான் ஆரம்பிக்குது.

நாட்டில் 10 பகுதி. ஒன்பதில் கணக்கு வந்தாச்சு. பகுதி 4, அதாவது தலைநகரம் ஜார்ஜ்டவுன் இருக்கற, அதிக ஓட்டு இருக்கற பகுதி, அது மட்டும் வரலை. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி, எல்லாக் கட்சி ஏஜெண்டும் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு. அதை வரிசையா வாசிச்சுக் கூட்டணும், வேலை அவ்வளவுதான். பாதியில் தேர்தல் அதிகாரி கிளேர்மாண்ட் மிங்கோவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. அப்புறம் தாளுக்குப் பதிலா ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இருந்து வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஏஜெண்ட் கையில் இருந்த தாளில் ஒரு நம்பர், ஸ்ப்ரெட்ஷீட்டில் வேற நம்பர். தலைமை நீதிபதி இது செல்லாது, திரும்ப ஒழுங்காச் செய்யுங்கன்னு சொன்னார். மார்ச் 13 மறுபடியும் செஞ்சாங்க. இந்தத் தடவை எல்லாரும் பார்க்கணும்னு தாளை புரொஜெக்டரில் போட்டுக் காட்டினாங்க. திரையா என்ன தொங்கவிட்டாங்க தெரியுமா? பெட்ஷீட். ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து பெட்ஷீட்டுக்கு ஒரே வாரத்தில் வெர்ஷன் அப்டேட். அதில் எழுத்து ஒண்ணும் தெரியலை. முடிவு மட்டும் தெளிவாத் தெரிஞ்சது: ஆளுங்கட்சிக்கு சுமார் 19,000 ஓட்டு கூடுதல், கூட்டணி ஜெயிச்சாச்சு.

அமெரிக்க நாடுகள் அமைப்பின் பார்வையாளர் குழுத் தலைவர் புரூஸ் கோல்டிங், ஜமைக்காவின் முன்னாள் பிரதமர். முடிவை மாத்தறதுக்கு இவ்வளவு பகிரங்கமா ஒரு முயற்சியை நான் பார்த்ததே இல்லைங்கற அர்த்தத்தில் பேசினார். ஜமைக்கா அரசியலைப் பார்த்தவரே சொல்றார்னா பார்த்துக்குங்க.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே எழுதினேன். மார்ச் 6ஆம் தேதி மேற்கு பெர்பிஸ் பக்கம் ரோட்டை மறிச்சாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்த பஸ்ஸைத் தாக்கினாங்க. போலீஸ் துப்பாக்கியில் ஒரு பையன் செத்தான். அன்னிக்கு சாயங்காலம் தன் அக்கா வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காம இருந்ததைத்தான் பக்கத்து சீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். 1964 கலவரத்தில் வீட்டை விட்டு ஓடின குடும்பம் அவங்களுது. பிரசவ வார்டு ஜோக்குக்கு அவர் ஏன் சிரிக்கலைன்னு அப்பதான் எனக்கு உறைச்சது. தோத்துட்டா அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்னு ரெண்டு பக்கமும் நினைக்கறதில்லை. தோத்தா நம்ம ஆளுங்க கதி என்னங்கற பயம்தான் 33ஐ 34 ஆக்குது. பிபிபிக்கும் அந்த பயம் சும்மா வரலை. 1968லிருந்து 1985 வரை பிஎன்சி நடத்தின தேர்தல்கள் அப்படி. 1968ல் வெளிநாட்டு வாக்காளர் பட்டியலை பிரிட்டிஷ் டிவிக்காரங்க தேடிப் போனப்ப, மான்செஸ்டரில் ஒரு விலாசத்தில் குதிரை மேய்ஞ்சுக்கிட்டு இருந்ததாம்.

அப்புறம் மே 6 அன்னிக்கு காரிகாம் குழு முன்னாடி 2,339 பெட்டிகளையும் திறந்து மறு எண்ணிக்கை. 33 நாள் நடந்தது. (34 இல்லை. பார்த்தேன்.) பிபிபி 233,336, கூட்டணி 217,920. முடிஞ்சதா? தலைமைத் தேர்தல் அதிகாரி லோவன்ஃபீல்ட் ஜூன் 23ல் ஒரு அறிக்கை கொடுத்தார். 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேல ஓட்டு செல்லாதாம், மிச்சத்தில் கூட்டணி 171,825, பிபிபி 166,343. விடை தெரிஞ்சுக்கிட்டு பின்னாலேருந்து ஸ்டெப் போடறது எல்லா என்ஜினியரிங் மாணவனுக்கும் தெரிஞ்ச வித்தைதான். ஆனா மார்க் போடறவர் டிரினிடாடில் இருந்தார். ஜூலை 8ல் கரீபியன் நீதிமன்றம் அதையும் தூக்கிப் போட்டது. ஆகஸ்ட் 2ஆம் தேதி இர்ஃபான் அலி ஜனாதிபதியா பதவியேத்தார். ஓட்டுப் போட்டு அஞ்சு மாசம்.

சாஃப்ட்வேர் ஆளா எனக்கு ஒரு விஷயம் பிடிச்சிருந்தது. அந்த அஞ்சு மாசமும் ஒரு பொய்யான கணக்கு நிக்க முடியாம போனதுக்குக் காரணம் கோர்ட்டும் அமெரிக்க விசாத் தடையும் மட்டும் இல்லை. வாக்குச்சாவடி கதவில் ஒட்டின தாள். ஒரு காப்பி கதவில், மத்தது ஏஜெண்டுகள் கையில். மேல உக்காந்து ஒரிஜினலை மாத்தினாலும் கீழ இத்தனை காப்பியை மாத்த முடியாது. பிபிபி தன்கிட்ட இருந்த தாள்களை இணையத்தில் போட்டது. உங்க தாளைக் காட்டுங்கன்னு கூட்டணியைக் கேட்டாங்க. கடைசி வரை காட்டவே இல்லை. இதைவிடப் பெரிய வாக்குமூலம் வேணுமா என்ன?

பிபிபி ஒண்ணும் புனிதர் கூட்டம்னு சொல்ல வரலை. எண்ணெய்க் காசில் 2024ல் வயசுக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு லட்சம் கயானா டாலர்னு அறிவிச்சாங்க, அடுத்த வருஷம் தேர்தல். 2025 செப்டம்பர் 1ல் 36 சீட்டோட அவங்களே ஜெயிச்சாங்க. ஆனா ரெண்டாவதா வந்தது பிஎன்சி கூட்டணி இல்லை. அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்ட தங்க வியாபாரி அஸ்ருதீன் முகமது, தேர்தலுக்குச் சில மாசம் முன்னாடி ஆரம்பிச்ச கட்சி. 16 சீட்டு. பழைய கூட்டணி 12. எழுபது வருஷக் கோட்டை அழிக்க வந்த ஆள் இவர்தானான்னு தலையில் அடிச்சுக்கலாம், ஆனா அந்தப் பிரசவ வார்டு கணக்கு முதல்முறையா ஆட்டம் கண்டது இவராலதான்.

தேர்தலுக்கு மறுநாள் பக்கத்து சீட்டுக்காரர் போனை நீட்டினார். லிண்டனில் இருக்கற நண்பர் அனுப்பின படம். ஸ்கூல் கதவு, செலோடேப், கொஞ்சம் கோணலா ஒரு தாள். காலங்காலமா பிஎன்சி கோட்டையா இருந்த ஊர், முதலிடத்தில் புதுக் கட்சி. கையெழுத்துகள் எல்லாம் இருந்தது. பழக்கதோஷத்தில் எல்லாக் கட்சி ஓட்டையும் மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். கீழே எழுதியிருந்த மொத்தத்தோட சரியா வந்தது, ஒண்ணு கூட ஜாஸ்தி இல்லை.