பாதங்கள் மட்டும் மிஞ்சிய கோயில்



கம்போடியா என்றதும் பலருக்கும் நினைவில் வருவது அங்கோர்வாட் ஆலயம். படத்திலாவது அதைப் பார்த்திருப்பீர்கள். இம்மாதம் நாம் போகப்போவது அங்கேயல்ல. அதற்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தள்ளி, காட்டுக்குள் கிடக்கும் கோ கேர் என்ற பழைய தலைநகரைப் பார்க்கப் போகிறோம்.

கி.பி. 928 முதல் 944 வரை மட்டுமே இது கெமர் அரசின் தலைநகராக இருந்தது. நான்காம் ஜெயவர்மன் என்ற அரசன் இங்கு சிவனுக்குக் கோயில்கள் எழுப்பினான். அந்நாளில் இந்நகருக்கு லிங்கபுரம் என்றும் பெயர். ஏழு அடுக்குகளாக, 36 மீற்றர் உயரத்தில் ஒரு கற்கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு காலத்தில் பெரிய லிங்கம் இருந்தது. இன்னொரு பக்கம் பிரசாத் பிராம் என்ற கோயில். கெமர் மொழியில் 'பிரசாத்' என்றால் கோயில், 'பிராம்' என்றால் ஐந்து. அங்குள்ள செங்கற் கோபுரங்களை மரவேர்கள் இறுகப் பற்றிப் பிடித்திருக்கின்றன.

ஆயிரம் வருட மழையும் வெயிலும் செய்யாத அழிவைச் சில வருட யுத்தம் செய்தது. 1970 இல் அங்கே உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலைகளாலும் ஏறத்தாழ 17 இலட்சம் மக்கள் மாண்டார்கள். அதன் பின்னரும் 1990களின் இறுதிவரை சண்டை ஓயவில்லை. எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தனித்து நின்று தாங்கினார்கள். காடெங்கும் மிதிவெடிகள் விதைக்கப்பட்டன. இவையெல்லாம் நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத விடயங்கள்.

அந்தக் குழப்பத்தில்தான் கோ கேரின் சிலைகள் திருடுபோயின. அங்குள்ள பிரசாத் சென் என்ற கோயிலில், பாரதப் போரின் கடைசிக் கட்டம் ஆளுயரச் சிலைகளாக நின்றது. வீமனும் துரியோதனனும் கதாயுதத்துடன் மோத, மற்றவர்கள் சூழ்ந்திருந்து பார்க்கும் காட்சி. கூத்திலும் கதைப் பிரசங்கத்திலும் நாம் கேட்டு வளர்ந்த அதே கதை. 1972ஆம் ஆண்டளவில் துரியோதனன் சிலையைப் பாதத்துக்கு மேலே உடைத்துக் கொண்டுபோனார்கள். பீடத்தில் இரண்டு பாதங்கள் மட்டும் எஞ்சின.

2011 இல் நியூயோர்க் நகரில் அந்தச் சிலை ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலை 20 முதல் 30 இலட்சம் டொலர். கம்போடிய அரசு எதிர்ப்புத் தெரிவித்ததால் ஏலம் நிறுத்தப்பட்டது. அடுத்த வருடம் வழக்கும் போடப்பட்டது. காட்டுக்குள் கிடந்த அந்தப் பாதங்களே பெரிய சாட்சியாக அமைந்தன. உடைந்த சிலை எந்தப் பீடத்துக்கு உரியது என்பதை அவை காட்டிக்கொடுத்தன. 2014 இல் துரியோதனன் நாடு திரும்பினான். அதே வருடம் வீமனும் வந்து சேர்ந்தான். திருடுபோய் 40 வருடங்களுக்கு மேலாகியிருந்தது.

மயில்மேல் அமர்ந்த முருகன் சிலையொன்றும் கோ கேரிலிருந்து 1997 இல் களவாடப்பட்டது. பெரிய பிள்ளையார் சிலையொன்றும் அவ்வாறே போனது. 2022 இல் அமெரிக்கா திருப்பிக் கையளித்த 30 கலைப்பொருட்களில் இவை இரண்டும் அடங்கும். இப்படியான மீட்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருடியவர்களில் சிலர் பிற்காலத்தில் வாய் திறந்தார்கள். எந்தச் சிலையை எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று கோயில் கோயிலாகக் கூட்டிச்சென்று காட்டினார்கள்.

2023 இல் யுனெஸ்கோ கோ கேரை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. முன்பு போய்வரவே கடினமாயிருந்த இடத்துக்கு இன்று சியெம் ரீப்பிலிருந்து வாகனத்தில் இரண்டரை மணி நேரத்தில் போகலாம். மழை குறைந்த நவம்பர் முதல் மார்ச் வரையான காலம் நல்லது. குடிதண்ணீர் கையில் இருக்க வேண்டும். மிதிவெடி அகற்றப்பட்ட பாதையை விட்டுக் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. அந்த அகற்றும் பணியில், நம் வடக்கில் போலவே, அங்கும் பெண்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். 2025 இல் தாய்லாந்து எல்லையில் மீண்டும் சண்டை மூண்டு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். எனவே போக நினைப்பவர்கள் முதலில் நிலைமையை விசாரிப்பது அவசியம்.

சகோதரிகளே, இங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. முழுச்சிலை போன பின்பும் எஞ்சிய பாதங்கள் வழக்குக்கு உதவின. நம்மிடமும் அப்படி எஞ்சியவை உண்டு. எரிந்த வீட்டின் காணி உறுதி, பழைய குடும்ப அட்டை, ஒரு பாடசாலைப் புகைப்படம், முறைப்பாடு கொடுத்தபோது தந்த துண்டு. பல வருடங்களாகிவிட்டன, இனி எதற்கு என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். தண்ணீர் படாமல் பொலித்தீன் உறையில் வையுங்கள். பிரதி எடுத்து இன்னொரு உறவினர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள். எங்கே, எப்போது, யார் கண்டது என்று தெரிந்ததை ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். எழுத முடியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

போன மனிதர்களுக்குச் சிலைகள் ஈடாகாது. ஆனாலும் கேட்கும் உரிமை காலம் கடந்ததால் இல்லாமற் போவதில்லை. கேட்கப் போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும்.